லண்டன் குழாயடியும் சிங்கப்பெருமாள் கோவில் சம்ப்பும்

காலை ஐந்தே கால் மணிக்கு சிங்கப்பெருமாள் கோவில் ஜங்ஷனில் நின்று பார்த்திருக்கிறீர்களா பாஸ்? ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஒரகடம் ரோடு பிரிகிற இடம். கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். ஈரத் தலையும் கழுத்தில் ஐ.டி. கார்டுமாக ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பெண்கள் ஏறுவார்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவாரூர் என்று ஆளுக்கொரு ஊர். வயது என்னவோ நம்ம வயதுதான். நாம் இன்டர்னல் மார்க்குக்கு அழுதுகொண்டிருக்கும்போது, அவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் தங்குவதற்காகவே ஊரைச் சுற்றி ஹாஸ்டல்கள், ஒரு ரூமுக்கு ஆறு பேர் என்று வாடகை வீடுகள்.

அப்படி ஒரு ஹாஸ்டலில் சமையல் செய்கிற அம்மாவின் மகள்தான் நம்ம கதாநாயகி. ப்ளஸ் டூ வரை என்னோடு படித்தவள். நான் மெக்கானிக்கல் பக்கம் வந்துவிட்டேன், அவள் பி.எஸ்ஸி. நர்சிங், மூன்றாம் ஆண்டு. "பேர் போட்டா மவனே செத்தே!" என்று கண்டிஷன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

மேட்டர் இதுதான். அடுத்த மாதம் அவள் லண்டன் போகிறாள்! டூர் இல்லை. பொது சுகாதாரம் பற்றிய இரண்டு வாரக் கல்விப் பயணம். கல்லூரியிலிருந்து பன்னிரண்டு பேர். பாதிச் செலவு கல்லூரி, மீதி அம்மாவின் நகைக்கடன். பாஸ்போர்ட் வந்த அன்றைக்கே பாடலாத்ரி நரசிம்மர் காலடியில் வைத்து எடுத்தாகிவிட்டது.

ஆனால், நகையை அடகு வைத்த அம்மாவுக்கே ஒரு சந்தேகம். கரண்டியும் கையுமாக நின்று ஒருநாள் கேட்டார்: "ஏண்டி, இங்க இல்லாத வியாதியா அங்க இருக்கு? வியாதியைப் பத்திப் படிக்க ஏரோப்ளேன் ஏறணுமா?"

சிரித்துவிட்டோம். அப்புறம் யோசித்தால், பதில் சொல்ல முடியவில்லை! அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக் கிளம்பியதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் லண்டனில் என்னதான் இருக்கிறது? கல்லூரியில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுத வேண்டும். கூடவே, அங்கே இருக்கிறவர்களிடம் கேட்க ஆளுக்கு ஒரு கேள்வி தயார் செய்ய வேண்டும். பட்டியலில் இருந்த கிராஸ்னஸ் பம்பிங் ஸ்டேஷனை மட்டும் நான் வலுக்கட்டாயமாக வாங்கிக்கொண்டேன். விக்டோரியா, பிரின்ஸ் கன்சார்ட், ஆல்பர்ட் எட்வர்ட், அலெக்ஸாண்ட்ரா என்று ராஜ குடும்பத்துப் பெயர் வைத்த நான்கு நீராவி இன்ஜின்கள் சார்! வேலை? சாக்கடை இறைப்பது. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் நாடாளுமன்றத் திரைச்சீலைகளைக் குளோரின் ஏற்றிய சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கவில்லை. அதற்குப் பிறகுதான் காசு ஒதுக்கினார்கள். ஜோசப் பஸல்ஜெட் என்ற இன்ஜினீயர் லண்டனுக்கு அடியில் பெரிய சாக்கடைகள் கட்டினார். 1865-இல் கிராஸ்னஸ் திறக்கப்பட்டது. ஊசி போடாமல், மாத்திரை கொடுக்காமல், பைப் போட்டே பல்லாயிரம் உயிரைக் காப்பாற்றிய இன்ஜினீயர். (நம்ம சென்னையிலும் ஒருத்தர் உண்டு. 1914-இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தை வடிவமைத்த ஜே.டபிள்யூ.மேட்லி. தி.நகர் மேட்லி ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டும்போது இனிமேல் அவரைத் திட்டாதீர்கள்.)

பட்டியலில் முதல் இடம், சோஹோ பகுதியில் இருக்கிற பிராட்விக் தெரு. அந்தக் காலத்தில் பிராட் தெரு. அங்கே ஒரு அடிபம்பு. இன்றைக்கு நிற்பது அதன் நகல்தான்.

1854 ஆகஸ்ட் கடைசியில் அந்தத் தெருவைச் சுற்றி காலரா பாய்ந்தது. சில வாரங்களில் 600 பேருக்கு மேல் செத்தார்கள். கெட்ட காற்றால்தான் காலரா வருகிறது என்று பெரிய மனிதர்கள் எல்லாம் நம்பிக்கொண்டிருந்த காலம். ஜான் ஸ்னோ என்ற டாக்டருக்கு மட்டும் தண்ணீர் மேல் சந்தேகம். வீடு வீடாகப் போனார். செத்தது யார், எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். பிராட் தெரு பம்பைச் சுற்றித்தான் சாவு குவிந்திருந்தது. அதைவிடச் சுவாரஸ்யம், பக்கத்திலேயே இருந்தும் சாகாதவர்கள்! அதே தெரு பீர் தொழிற்சாலையில் சுமார் 70 தொழிலாளர்கள். ஒருத்தரும் காலராவில் சாகவில்லை. அவர்களுக்கு பீர் இலவசம், பம்புப் பக்கமே போகவில்லை. பக்கத்து ஏழைகள் விடுதியில் 500 பேருக்கு மேல். சாவு ரொம்பக் குறைவு. அங்கே தனிக் கிணறு. அதற்கு நேர்மாறாக, பல மைல் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் இருந்த ஒரு விதவை செத்துப்போனார். விசாரித்தால், பிராட் தெருத் தண்ணீர் ருசி பிடித்துப்போய், தினமும் வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார்!

ஸ்னோ அந்த வட்டார நிர்வாகக் குழுவிடம் போய்ப் பேசினார். அவர்கள் முழுசாக நம்பவில்லை. ஆனாலும் செப்டம்பர் 8-ஆம் தேதி பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அப்புறம் ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார் துருவிப் பார்த்ததில், 40-ஆம் எண் வீட்டுக் குழந்தையின் மலத்துணியை அலசிய தண்ணீர் போன குழி, பம்புக் கிணற்றிலிருந்து சில அடி தூரத்தில்தான் இருந்தது, அதன் சுவர் கசிந்திருந்தது என்று தெரிந்தது. இன்றைக்கு அந்தப் பம்புக்குப் பக்கத்தில் ஜான் ஸ்னோ பெயரில் ஒரு மதுக்கடை இருக்கிறது. மனுஷர் வாழ்க்கையில் பெரும்பகுதி மதுவைத் தொடாதவர்!

இந்தக் கதையை அவள் ஹாஸ்டல் சமையல்கட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தபோது அம்மாவின் ஒரே கமென்ட்: "அப்ப பீர் குடிச்சவன்லாம் தப்பிச்சிட்டானா? உங்கப்பாகிட்ட இதைச் சொல்லித் தொலைச்சிடாத!"

அவள் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "டேய்... நான் பண்ணினதையேதான்டா இந்த ஆளும் பண்ணியிருக்காரு" என்றாள்.

இங்கே ஒரு ஃப்ளாஷ்பேக்.

போன மழைக்காலம். அம்மா சமைக்கிற ஹாஸ்டலில் இரண்டு நாளில் பதினோரு பெண்களுக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி. நமக்கென்றால் ஓ.ஆர்.எஸ். குடித்துவிட்டு மட்டம் போடலாம். அவர்களுக்கு இரண்டு நாள் லீவ் என்றால் அட்டெண்டன்ஸ் போனஸ் காலி. சிலர் அந்த உடம்போடு பஸ் ஏறினார்கள். பழி யார் மேல் விழும்? சமையல்கார அம்மா மேல்தான். "உங்க கை சுத்தமில்ல. ஒழுங்கா இல்லன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று ஓனர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா அழுததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்ததாக இவள் சொல்கிறாள்.

கோபத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்தாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒவ்வொருத்தரிடமும் கேள்வி. எந்த மாடி? எந்த வேளை சாப்பிட்டே? எந்தத் தண்ணி குடிச்சே? இரண்டு நாளில் நாற்பது பேர் கணக்கும் வந்துவிட்டது. சாப்பாடு நாற்பது பேருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து. ஆனால், உடம்பு சரியில்லாத பதினோரு பேரில் ஒன்பது பேர் இரண்டாவது மாடி! ஊருக்குப் போய்விட்டு வந்து, ஹாஸ்டல் சாப்பாட்டைத் தொடவே தொடாத இரண்டு பேரும் அந்த ஒன்பதில் அடக்கம். கீழ்த்தளத்துக்கும் முதல் மாடிக்கும் கேன் தண்ணீர். இரண்டாவது மாடிக்குக் கேன் தூக்க ஆள் எக்ஸ்ட்ரா காசு கேட்டதால், அந்த மாடிப் பெண்கள் பாட்டிலைக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். குழாய்க்குத் தண்ணீர் வருவது சம்ப்பிலிருந்து. மீதி இரண்டு பேரில் ஒருத்தி மாடித் தோழியின் பாட்டிலில் குடித்தவள். இன்னொருத்திக்கு ஏன் வந்தது என்பதற்கு இன்றுவரை விடையில்லை.

டெக்னிக்கல் எக்ஸ்பர்ட்டாக என்னைக் கூப்பிட்டாள். (மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு சம்ப்பு பற்றி என்ன தெரியும் என்று கேட்காதீர்கள். அதை அவளும் கேட்கவில்லை.) மாடிப்படிக்குக் கீழே சம்ப்பு. மூடியில் விரிசல். மூன்றடிச் சுவருக்கு அந்தப் பக்கம் செப்டிக் டேங்க். மழைத் தண்ணீர் எங்கே தேங்கி எங்கே வழிந்திருக்கும் என்று சொல்ல டிகிரி தேவையில்லை.

ஓனரிடம் நோட்டைக் காட்டினாள். "படிக்கிற பொண்ணு படிப்பைப் பாரு. ஹாஸ்டல் பேரைக் கெடுக்காத" என்றார். அம்மா அதற்கு மேல்: "வாயை மூடிக்கிட்டு இருடி. இருக்கிற வேலையும் போயிடும்." உங்கள் அம்மா சமைக்கிற இடத்தைப் பற்றி நீங்களே புகார் சொல்வீர்களா? எனக்குத் தைரியம் வந்திருக்காது. அவள் ஒரு வாரம் தூங்கவில்லை.

எட்டாவது நாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாள். சுகாதார ஆய்வாளர் ஒரு பையோடு வந்தார். பையில் குளோரோஸ்கோப் என்று ஒரு சின்னப் பெட்டி. குழாய்த் தண்ணீரை அதில் பிடித்து இரண்டு மூன்று சொட்டு மருந்து விட்டால், குளோரின் இருந்தால் மஞ்சளாகும். குடிக்கிற இடத்தில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டுமாம். நிறம் மாறவே இல்லை. சம்ப்பை இறைத்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் போட்டு, புது மூடி போடச் சொல்லிவிட்டுப் போனார். ஓனரும் மறுபேச்சுப் பேசவில்லை. செப்டிக் டேங்க் மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் ஓனர் அம்மாவிடம் இருபது நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலை போகவில்லை. யார் போய்ச் சொன்னார்கள் என்பது இன்றுவரை ஓனருக்குத் தெரியாது. பெயர் ஏன் போடவில்லை என்று இப்போது புரிகிறதா?

ஒரு தகவல். அந்த ஆய்வாளருக்கு ஹாஸ்டலுக்குள் நுழைந்து தண்ணீரைச் சோதிக்கிற அதிகாரம் நேற்று வந்ததில்லை. 1939-இல் மெட்ராஸ் மாகாணம் போட்ட பொது சுகாதாரச் சட்டத்திலேயே அதற்கு வேர் இருக்கிறது. இந்தியாவில் அந்த மாதிரிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையதுதான்.

கல்லூரியில் லண்டன் பயணத்துக்கு ஆள் எடுக்கும்போது, "நீங்கள் பார்த்த ஒரு சுகாதாரப் பிரச்னை பற்றி இரண்டு பக்கம் எழுதுங்கள்" என்றார்கள். மற்றவர்கள் புத்தகத்தைப் பார்த்து எழுத, இவள் சம்ப்பு பற்றி எழுதினாள். செலக்டட்! ஜான் ஸ்னோ யாரென்று அன்றைக்கு அவளுக்குத் தெரியாது.

பட்டியலில் அடுத்தது கெப்பல் தெரு. அங்கேதான் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிக்கல் மெடிசின் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய கல்லூரி. இப்போதைய கட்டடம் 1929-இல் வந்தது. அதன் வெளிச்சுவரில் பொது சுகாதார மேதைகள் 23 பேரின் பெயரைச் செதுக்கியிருந்தார்கள். அதில் ரொனால்ட் ராஸ் இருக்கிறார். மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் அவர் பார்த்தது 1897-இல், செகந்திராபாத்தில். ராபர்ட் கோக் இருக்கிறார்; காலராக் கிருமியை உறுதிப்படுத்த அவர் 1883 கடைசியில் வந்தது கல்கத்தாவுக்கு. ஆக, நம்ம ஊரில் படித்துவிட்டுப் போய்த்தான் அந்தச் சுவரில் ஏறியிருக்கிறார்கள். அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது பாருங்கள்!

அந்த 23 பேரும் ஆண்கள். 2019-இல்தான் மூன்று பெண்களின் பெயரைச் சேர்த்தார்கள். மேரி கியூரி, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் இரண்டு பேரும் நமக்குத் தெரியும். மூன்றாவது பெயர் ஆலிஸ் பால். யார் இவர்?

அமெரிக்கக் கறுப்பினப் பெண். ஹவாயில் வேதியியல் படித்தவர். அப்போது தொழுநோய்க்கு ஓரளவு கைகொடுத்த மருந்து சால்முக்ரா எண்ணெய். ஆனால் குடித்தால் குமட்டும். ஊசியில் போட்டால் தோலுக்கடியில் கட்டி கட்டியாக நின்றுவிடும். அதை உடம்பு ஏற்றுக்கொள்கிற ஊசி மருந்தாக மாற்றும் வழியை 1915-இல் கண்டுபிடித்தபோது ஆலிஸுக்கு வயது 23. அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். கண்டுபிடிப்பைத் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டவர் வேறு ஒரு பேராசிரியர். சால்முக்ரா குடும்பத்து மரம் ஒன்று நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. சித்த மருத்துவத்தில் நீரடிமுத்து என்பார்கள்.

"தொழுநோய்னா நம்ம திருமணியாச்சே..." என்றாள் அவள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிட்டோம். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த ஸ்டேஷன் பரனூர், அதற்கடுத்து செங்கல்பட்டு. பக்கத்திலேயே திருமணி. மத்திய தொழுநோய் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இருப்பது அங்கேதான். 1924-இல் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையாக ஆரம்பித்து, 1955-இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. பஸ்ஸில் எத்தனையோ தடவை கடந்திருக்கிறோம். இறங்கியதே இல்லை!

அந்த இடத்தின் வரலாற்றைப் படித்தால் தலை சுற்றுகிறது. டாப்சோன் என்ற மாத்திரை தொழுநோய் சிகிச்சையில் பயன்படுகிறது என்று இன்றைக்கு எல்லோருக்கும் தெரியும். 1940-களில் அந்த மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர், இங்கே பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன். 1947-இல் அவரைப் பார்க்க வேலூரிலிருந்து ஒரு இளம் சர்ஜன் வந்தார். பால் பிராண்ட். நம்ம கொல்லிமலையில் 1914-இல் பிறந்து, லண்டனில் மருத்துவம் படித்தவர். இங்கே ஒரு நோயாளியின் விரல்கள் மடங்கி நகம்போல் வளைந்திருந்தன. என் கையை அழுத்து என்றார் பிராண்ட். அவன் அழுத்தினான். இவர் வலியில் துடித்துவிட்டார்! செத்துப்போன கை என்று எல்லோரும் நினைத்த கையில் அவ்வளவு பலம். அப்படியென்றால் சில தசைகள் நன்றாக வேலை செய்கின்றன. அவற்றின் நாணை எடுத்து வேறு இடத்தில் இணைத்தால் விரலை நிமிர்த்தலாமே! அந்த ஒரு கைகுலுக்கலில் தொடங்கியதுதான், வேலூரில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள். தொழுநோயால் விரல் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயம்பட்டுத்தான் போகிறது என்று உலகத்துக்கு அழுத்திச் சொன்னவரும் அவர்தான். லண்டன் சொல்லிக்கொடுக்காததை செங்கல்பட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறது.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் 2022-23-இல் மட்டும் புதிதாக ஒரு லட்சம் பேருக்கு மேல் தொழுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. உலகில் வருகிற புது நோயாளிகளில் பாதிக்கு மேல் நம்ம நாட்டில்தான்.

இப்போது உங்கள் இடது தோளைப் பாருங்கள். வட்டமாக ஒரு சின்னத் தழும்பு இருக்கிறதா? பி.சி.ஜி. தடுப்பூசி. அந்தத் தழும்புக்கும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கும் பெரிய உறவு உண்டு. 1968-இலிருந்து 1971 வரை, அப்போது இந்த மாவட்டத்தில் இருந்த திருவள்ளூர் பக்கத்து கிராமங்களில், வீடு வீடாகப் போய் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்தார்கள். சுமார் 2,80,000 பேருக்கு ஊசி. சிலருக்கு நிஜ பி.சி.ஜி., சிலருக்கு வெறும் கரைசல். யாருக்கு எது என்பது ரகசியம். பி.சி.ஜி. காசநோயைத் தடுக்கிறதா என்று பார்க்க உலகில் நடந்த மிகப்பெரிய சோதனை இதுதான். 1979-இல் முதல் முடிவு வந்தது. பெரியவர்களுக்கு வருகிற நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பலன் இல்லை! உலகமே அதிர்ந்தது. மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கிற வேறு கிருமிகள் ஊசியின் வேலையை மறைத்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம். பச்சைக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் காசநோயை பி.சி.ஜி. தடுக்கும் என்பதால்தான் இன்றும் பிறந்தவுடன் போடுகிறார்கள். பலிக்கவில்லை என்று பல ஆண்டுகள் பொறுமையாக எண்ணிச் சொன்னதற்கும் ஒரு சபாஷ் போடலாம் இல்லையா?

சேத்துப்பட்டு கதை இன்னும் சுவாரஸ்யம். 1956-இல் அங்கே தொடங்கிய காசநோய் மையம் (இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு எளிய கேள்வி கேட்டது. நோயாளியை ஒரு வருஷம் சானடோரியத்தில் வைத்து, நல்ல சாப்பாடு, ஓய்வு என்று பார்த்துக்கொள்வது ஒரு வழி. அதே மாத்திரையைக் கொடுத்து அவர் குடிசைக்கே அனுப்பிவிடுவது இன்னொரு வழி. ஏறத்தாழ 200 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். 1959-இல் வந்த முடிவு: இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்துக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. அதற்கப்புறம் உலகம் முழுக்க சானடோரியங்களுக்கு வேலை குறைந்துபோனது. பெட் இல்லாத ஊர் கேட்ட கேள்வி, பெட் நிறைய வைத்திருந்த ஊர்களுக்கும் வழி காட்டியது.

வெளிநாடு போகப்போகிறவர்களுக்கு இங்கே ஒரு டிப்ஸ். பிரிட்டனில் ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறீர்கள் என்றால், விசாவுக்கு முன்பே நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, காசநோய் இல்லை என்று சான்றிதழ் காட்ட வேண்டும். இரண்டு வாரப் பயணத்துக்குத் தேவையில்லை. மஞ்சள் காய்ச்சல் இருக்கிற ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள்.

அப்புறம், லண்டனுக்குப் போவதே வீணா? அப்படியும் சொல்ல முடியாது. 1925-இல் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் அரசு உதவித்தொகையில் லண்டன் போய், பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றிப் படித்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. திரும்பி வந்ததும் மெட்ராஸ் சட்ட மேலவை உறுப்பினர், 1927-இல் அதன் துணைத் தலைவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வலியில் அவர் எழுப்பியதுதான், 1954-இல் அடையாறில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. அவர் போகும்போதே மெட்ராஸில் பார்த்த துயரங்களைச் சுமந்துகொண்டுதான் போயிருப்பார் என்பது என் யூகம். இவளிடம் இதைச் சொன்னதும், "அதெல்லாம் இருக்கட்டும், என் கேள்வியை முதல்ல ரெடி பண்ணுடா" என்றாள்.

ஆமாம், கேள்வி! ஆளுக்கு ஒன்று தயார் செய்ய வேண்டுமே. நான்கு முறை எழுதி, நான்கு முறை கிழித்தாள்.

அவள் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது 2021 டிசம்பர். ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பிட்டவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போய், 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கூடத் தங்கியிருந்த பெண்களுக்குச் சரியான தகவல் போகவில்லை. செத்துப்போனார்கள் என்று வதந்தி கிளம்பியது. அது பொய். ஆனால் பொய் என்று நம்பும்படி சொல்ல அந்த நேரத்தில் ஆளில்லை. பெண்கள் இரவோடு இரவாக சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டது. ஹாஸ்டல்களும் சாப்பாட்டுக் கூடங்களும் சரியில்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அடுத்த ஜனவரியில்தான் ஆலை திறந்தது.

"அங்க நூத்தைம்பது பேர், ரோட்டுல உக்காந்தாங்க, உலகத்துக்கே தெரிஞ்சுது. எங்க ஹாஸ்டல்ல பதினோரு பேர். யாருக்குத் தெரியும்?" என்கிறாள். யோசித்துப் பார்த்தால் நிஜம்தான். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் உள்ளூர்க் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், குழந்தைகள் இருக்கிறார்கள். கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து ஆறு மாதம் இங்கே, அடுத்த ஆறு மாதம் மாம்பாக்கத்தில் என்று ரூம் மாறிக்கொண்டே இருக்கிற இருபது வயதுப் பெண்ணின் பெயர் எதில் இருக்கும்? ரேஷன் கார்டு ஊரில். ஓட்டு ஊரில். அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஆரம்ப சுகாதார நிலையத்தில் புறநோயாளிப் பிரிவு முடிந்திருக்கும். ஸ்னோ வீடு வீடாகப் போனபோது, கதவைத் திறந்து பதில் சொல்ல அங்கேயே குடியிருந்த ஜனங்கள் இருந்தார்கள். இவள் நோட்டில் எழுதிய நாற்பது பேரில் பாதிப்பேர் இப்போது அந்த ஹாஸ்டலில் இல்லை.

ஐந்தாவது தடவை எழுதியதைக் கிழிக்கவில்லை. அது இதுதான்: "சில மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிற தொழிலாளிக்கு நோய் வந்தால், அது எந்த ஊர் கணக்கில் சேர்கிறது? உங்கள் ஊரில் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?"

இங்கிலீஷில் மாற்றுவதற்குத்தான் இரண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

கோட் வாங்கவில்லை; சீனியர் ஒருத்தி இரவல் தருகிறாள். பருப்புப்பொடி, ஊறுகாய் ரெடி. லாங் சைஸ் நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறாள். அம்மா இப்போதெல்லாம் பழைய கேள்வியைக் கேட்பதில்லை. வாரத்துக்கு ஒருமுறை மாடிப்படிக்குக் கீழே குனிந்து சம்ப்பு மூடியைப் பார்த்துவிட்டு வருகிறார், அவ்வளவுதான். போன வாரம் என்னைப் பார்த்தபோது ரகசியமாகக் கேட்டார்: "தம்பி, அந்தக் குழாய்க்கு இப்பவாச்சும் கைப்பிடி போட்டுட்டாங்களா?"

தெரியவில்லை ஆன்ட்டி, அவள் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும் என்றேன்.

இதை எழுதி முடிக்கும்வரை விசா வரவில்லை.